கை நனைத்த ஊர்

சித்தேரிமேட்டில் காற்றை முதன்முதலில் பெருக்கி அள்ளியவள் ஏழுமலை பெண்டாட்டி அஞ்சலாட்சிதான் என்பதில் ஊரில் யாருக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது. அது எந்தக் கிழமை என்பதில்தான் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் வெள்ளிக்கிழமை என்று சாதிக்கிறாள், சத்துணவுக்கூடத்து வசந்தகோகிலா டீச்சரோ அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சுண்டல் போட்ட நாள், அதனால் செவ்வாய்தான் என்கிறார். அஞ்சலாட்சியையே கேட்டால், பெற்ற பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த வீட்டில் எவள் கிழமையைப் பார்த்தாள் என்று எரிந்து விழுவாள்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் கம்பெனி வந்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை, கம்பெனி என்றால் கம்பெனிதான். அது வந்தபோது அஞ்சலாட்சியின் மகள் சுபிக்ஷா இரண்டு வயதுக் குழந்தை, நெஞ்சில் ஒரு குறையும் இல்லாமல் ஊரைக் கூட்டி அழுதவள். ஒன்பது வயதானபோது வாய்விட்டு அழக்கூட மூச்சு பற்றாத பிள்ளையாகியிருந்தாள், படுத்தால் அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள், அவள் மூச்சு விடுவது தெருமுனைவரை விசில் மாதிரி கேட்டது. அன்று காலையில் புகைக்கூண்டிலிருந்து அழுகின முட்டை நாற்றம் இறங்கிக்கொண்டிருக்க, பிள்ளை வாசற்படியில் குந்தி இழுத்துக்கொண்டிருக்க, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சலாட்சிக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் கிளம்பி வந்து, கையிலிருந்த தென்னந்துடைப்பத்தை அப்படியே கம்பெனிப் பக்கம் ஓங்கிவிட்டாள்.

“ஏன்டா கட்டையில போறவனுங்களா, எம் புள்ள ஏழு வருசமா குந்திகினே தூங்குது, ஒம் புள்ளைய அப்பிடித் தூங்க வெப்பியாடா நீ? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இந்த நாத்தத்த ஒன் வூட்டு அடுப்பங்கரையில கொண்டுபோயி வுடுடா பாக்கலாம்.”

சொல்லச் சொல்ல இப்படியும் அப்படியும் காற்றிலேயே வீசினாள். நாலாவது வீச்சில் துடைப்பம் கனத்தது. பார்த்தால் ஈர்க்குகளுக்கு நடுவில் நனைந்த பஞ்சு மாதிரி மங்கின மஞ்சள் நிறத்தில் ஏதோ சிக்கியிருந்தது, மோந்து பார்த்தால் அழுகின முட்டை. அவள் அதைப் பார்த்துத் திகைக்கவுமில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவுமில்லை. துடைப்பத்தில் முடி சிக்கினால் என்ன செய்வாளோ அதையே செய்தாள்; துணி துவைக்கிற கல்லில் இரண்டு தட்டுத் தட்டி உதிர்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டியபடி மறுபடியும் வீசினாள். அரைமணி நேரத்தில் வாசலளவுக்குக் காற்று சுத்தமாகி, சுபிக்ஷாவின் நெஞ்சில் விசில் நின்று, அந்தப் பிள்ளை எத்தனையோ நாள் கழித்துத் தானாகவே, “யம்மா, பழையது இருக்குதா?” என்று கேட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பூங்காவனம், “அப்பிடியே இந்தாண்டையும் ரெண்டு இழுப்பு இழுத்துவுடு அஞ்சல, எனக்குங் கண்ணு எரியுது,” என்றாள். “ஒங் கை என்னா பூப்பறிக்குதா, நீயே இழு,” என்றாள் அஞ்சலாட்சி. மத்தியானத்துக்குள் தெருவும், சாயங்காலத்துக்குள் ஊரும் துடைப்பத்தை எடுத்துவிட்டன.

இது எப்படி என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. காலேஜில் படிக்கிற ஒருத்தன் மட்டும் நார்ப்பொருளில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அவை வாயுவை உறிஞ்சும் என்று விளக்க ஆரம்பித்தான். சரிப்பா, திட்டினால்தான் உறிஞ்சுகிறதே அது ஏன் என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. ஊருக்கு வேண்டியது பதிலும் அல்ல, பழக்கம்தான், அது பத்தே நாளில் படிந்துவிட்டது. எந்த நாற்றத்துக்கு எந்தத் துடைப்பம் என்று ஒரு கணக்கு வந்தது. அழுகின முட்டைக்குத் தென்னந்துடைப்பம். நகப்பூச்சு மாதிரி தித்திப்பாக வந்து தலையைச் சுற்ற வைக்கிறதே, அதற்கு வீட்டுக்குள் பெருக்குகிற பூந்துடைப்பம். மூட்டைப்பூச்சி மருந்து வாடையில் வந்து கண்ணைக் கரிக்கிறதற்கு ஈச்சந்துடைப்பம்தான் சரி, மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் பெருமைக்குப் பிளாஸ்டிக் துடைப்பத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீசிப் பார்த்தார்கள், தோள்வலிதான் மிச்சம். ஒரு காலத்தில் மண்ணில் முளைத்து வெயிலில் காய்ந்த பொருளில்தான் அது ஒட்டியது.

திட்டுவதிலும் ஒரு நியாயம் இருந்தது. விலாசம் சரியாக இருக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் பெருக்கினால் ஒன்றும் சிக்கவில்லை என்று முதலில் வருத்தப்பட்டார்கள், பிறகுதான் சங்கதி புரிந்தது. அவர்கள் வாயைத் திறந்தால் கம்பெனிக்காரனின் அம்மாவையும் அக்காளையும் இழுத்துவிட்டு ஓய்ந்தார்கள், எங்கேயோ கிடக்கிற அந்தப் பொம்பளைகளா புகைக்கூண்டு கட்டினார்கள்? துடைப்பம் அதை ஏற்கவில்லை. ஊரில் பாதி ஆண்களுக்கு அப்பேர்ப்பட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டால் வாயில் வேறு திட்டே இல்லை என்பதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது, அதை வைத்துப் பெண்கள் ஒரு மாசம் சிரித்தார்கள். வசந்தகோகிலா டீச்சர் பாடு வேறு மாதிரி. அவர் மனு எழுதியே பழகினவர், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு “மதிப்பிற்குரிய நிர்வாகத்தினரே” என்று ஆரம்பித்தார், ஈர்க்கு அசைந்ததே தவிர ஒரு தூசி ஒட்டவில்லை. நாலாம் நாள் என்னவோ நினைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, “ரெண்டு வாட்டி எனக்குக் கலைஞ்சி போச்சே, ரெண்டாவது ஆறு மாசத்துக் கொழந்தடா, விரலெல்லாம் இருந்துச்சிடா,” என்றார். துடைப்பம் ஒரே வீச்சில் தூக்க முடியாமல் கனத்தது. அதற்குப் பிறகு டீச்சரைத் திட்டத் தெரியாதவர் என்று யாரும் சொல்லவில்லை.

இப்படியாகக் காலையில் எழுந்ததும் கோலத்துக்கு முன்னால் காற்று என்றாகி, பால் கறக்கிறவள் கன்று ஊட்டுகிற இடைவெளியில் நாலு வீச்சு வீசி, குளத்து மீன் வயிறு வெளுத்து மிதந்ததைச் சொல்லித் திட்டுகிறவள் ஒருபக்கம், அந்த ஊர்ப் பெண்ணை எடுத்தால் பிள்ளை தங்காது என்று வந்த சம்பந்தம் திரும்பிப்போனதைச் சொல்லித் திட்டுகிறவள் இன்னொருபக்கம், கண்ணெரிச்சலுக்குக் கண்ணெரிச்சல், கொட்டின தலைமுடிக்குத் தலைமுடி என்று எதையும் விட்டுவைக்காமல் திட்டித் திட்டி, நூற்று நாற்பது வீட்டு வாசலிலும் துடைப்பங்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்க, ஏரிக்கு இந்தப் பக்கம் மட்டும் வானம் நீலமாகத் தெரிகிற ஊராகிவிட்டது சித்தேரிமேடு. உதிர்த்த பஞ்சையெல்லாம் சிமெண்டு சாக்கில் கட்டிப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரோரம் அடுக்கினார்கள். கம்பெனிக்காரன் இதைக் கவனித்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு பெருக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, அந்தி சாய்கிற நேரமாகப் பார்த்து மொத்தத்தையும் திறந்துவிட ஆரம்பித்தான். ஊர் கூடிப் பேசியது. விளக்கு வைத்த பிறகு தரையைப் பெருக்கினால்தான் லட்சுமி போவாள், காற்றைப் பெருக்கக் கூடாது என்று எந்தக் காலத்திலும் யாரும் சொல்லி வைக்கவில்லை என்று அஞ்சலாட்சி சொன்னாள், சரிதான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஊர் இப்படிப் பெருக்கின மூன்று மாசமும் சுபிக்ஷா படுத்துத் தூங்கினாள்.

அதற்குள் மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் ஜீப்பில் மிஷினோடு வந்தார். ஏழு வருஷமாக ஊர் போட்ட மனுவுக்கு அப்போதுதான் அவருக்கு வழி தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் மிஷினை வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், மிஷின் ஒன்றுமே இல்லை என்று காட்டியது, காற்றின் தரம் நன்று என்று எழுதினார். அஞ்சலாட்சி அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சுவரோரம் கூட்டிக்கொண்டுபோய்ச் சாக்குகளைக் காட்டினாள்.

“இதாங்க சார் நாங்க தின்னுகினு இருந்த காத்து. அள்ளி வெச்சிருக்கம். அவன் வுடறது நிக்கல, நாங்க பெருக்கறதாலதான் ஒங்க மிசினுக்குத் தெரியல.”

அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது திடப்பொருளா இருக்கேம்மா. நான் காத்துக்கு வந்தவன். இதுக்கு வேற துறை,” என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். அவர் எழுதிய காகிதத்தைக் கம்பெனி கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியது. இந்த ஊரின் காற்று இவ்வளவு நன்றாக இருப்பதால் கம்பெனியை விரிவாக்கத் தடையில்லை என்று அனுமதியும் வந்தது, ஆனி முடிவதற்குள் முதல் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் அதைவிட உயரமாக இரண்டாவது கூண்டு எழும்பியது. தாங்கள் பெருக்கிப் பெருக்கி அவனுக்கு நல்லபேர் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தபோது அஞ்சலாட்சிக்கு வந்த ஆத்திரத்தில், அவள் துடைப்பம் அன்றைக்கு மட்டும் மூன்று சாக்கு நிரப்பியது.

இரண்டு கூண்டு புகையையும் பெருக்கிவிடலாம் என்ற தைரியத்தில்தான் ஊர் இருந்தது. அந்த நேரத்தில்தான் தினகர் வந்தான். கம்பெனியில் ஊர் நலத்துக்கென்றே வைத்திருந்த அதிகாரி, முப்பது வயசுக்காரன், நல்ல களையான முகம், எல்லாரையும் அக்கா, பெரியம்மா என்று முறை வைத்துக் கூப்பிடுவான். அவன் ஒரு வாரம் ஊருக்குள் சும்மா சுற்றினான். யார் எதைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று நின்று காதுகொடுத்துக் கேட்டான், கோபப்படவேயில்லை. பிறகு ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்கு, இந்த வருஷம் கூழோடு ஊர் முழுக்கப் பிரியாணியும் கம்பெனி செலவில் என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

சித்தேரிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால், அதாவது உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டால், அந்த வீட்டுக்காரனை வாய்திறந்து திட்டக் கூடாது. வரப்புச் சண்டையில் வெட்டுக்குத்துவரை போனவர்கள்கூட, கல்யாணத்தில் தெரியாமல் அவன் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் அத்தோடு வாயை மூடிக்கொள்வார்கள். மற்ற ஊர்களில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? இங்கே பார்ப்பார்கள், இதுவொன்றில்தான் தங்களுக்குக் கௌரவம் இருக்கிறது என்று இன்னமும் நம்புகிற மடத்தனமான ஊர் அது. இது தெரிந்துதான் தினகர் செய்தானா, தெரியாமல் செய்தானா என்று கேட்டால், ஒரு வாரம் அவன் ஊரில் சுற்றியது ஈ ஓட்டுவதற்கா?

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தி. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவனே வாளியைத் தூக்கிப் பரிமாறினான். “பெரியம்மா, இன்னொரு பீஸ் வெக்கட்டுமா? நம்ம வீட்டு விசேஷம், கூச்சப்படாம சாப்பிடுங்க.” நம் வீட்டு விசேஷம் என்றானே, அங்கேதான் பிடித்தான். அம்மன் பேரைச் சொன்ன சோறு என்று எல்லாரும் உட்கார்ந்தார்கள், பூங்காவனம் உட்கார்ந்தாள், டீச்சர் உட்கார்ந்தார், ஏழுமலையும் உட்கார்ந்துவிட்டு வந்தான். அஞ்சலாட்சி மட்டும் உட்காரவில்லை. திருவிழா வேலையில் முந்தின நாள் யாரும் சரியாகப் பெருக்காததால் சுபிக்ஷாவுக்கு மறுபடி இழுத்துக்கொள்ள, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியிருந்தாள்.

மறுநாள் அவள் திரும்பி வந்தபோது ஊர் முட்டை நாற்றத்தில் மிதந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் துடைப்பத்தோடு நின்றார்கள், வீசினார்கள், ஒன்றும் ஒட்டவில்லை.

“வாயத் தெறந்து கேளேன்டி நாலு கேள்வி,” என்றாள் அஞ்சலாட்சி.

பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கை நனைச்சிட்டம் அஞ்சல. வாய் வரமாட்டங்குது. தொண்ட வரிக்கும் வருது, அந்தப் புள்ள எலயில கறிய வெச்சது கண்ணுல நிக்குது, அப்பிடியே உள்ள பூடுது.”

“அவன் ஒரு வேள கறிய வெச்சான். ஏழு வருசமா நஞ்ச வெச்சான். அது கண்ணுல நிக்கலியா ஒனக்கு?”

“நிக்குது. தின்னுட்டமே, இப்ப என்னா பண்ணச் சொல்ற?”

என்ன பண்ணச் சொல்வது? அஞ்சலாட்சி தனி ஒருத்தியாகப் பெருக்கினாள். விடிந்தது முதல் இருட்டுகிறவரை தெருத்தெருவாகப் போய்த் தொண்டை கட்டத் திட்டினாள், கம்பெனியைத் திட்டினாள், தினகரைத் திட்டினாள், தின்றுவிட்டு நிற்கிற ஊரையும் சேர்த்துத் திட்டினாள், ஊரைத் திட்டியபோது மட்டும் துடைப்பம் லேசாகிவிட்டது. இரண்டு கூண்டு கக்குவதை ஒரு துடைப்பம் எத்தனைதான் தாங்கும்? மூன்று வாரத்தில் சுபிக்ஷாவை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். இரண்டாம் தடவை டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இந்தப் பிள்ளைய இன்னும் அந்த ஊர்ல வெச்சிருந்தீங்கன்னா மழைக்காலத்தத் தாண்டாதும்மா. எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்க,” என்றார்.

ஏழுமலை பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான். “திருப்பூருக்குப் போயிடலாம் அஞ்சல. எங்க மாமன் அங்கதான் கீறாரு. வூட்டப் பூட்டிட்டுப் போயிடலாம்.”

“பொகைய வுடறவன் அங்கயே இருப்பான், மூச்சு வுடறவ எழுந்து போவணுமா?”

“புள்ள போயிடுச்சின்னா?”

மடியில் விசிலடித்துக்கொண்டு சாய்ந்திருந்த பிள்ளையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்க் குழிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ் ஊரில் நிற்கும்போது அவளுக்கு யோசனை வந்திருந்தது. கை நனைத்ததை அவிழ்ப்பதற்கு ஊரிலேயே வழி உண்டு, பங்காளிகளுக்குள் எத்தனையோ தடவை செய்ததுதான். அவன் சோற்றை நாம் தின்றால் நம் சோற்றை அவனைத் தின்ன வைக்க வேண்டும். எதிர்விருந்து. அவனும் நம்மிடம் கை நனைத்துவிட்டால் தட்டு சமமாகிவிடும், அதற்கப்புறம் யாரும் யாரையும் எதுவும் கேட்கலாம். அவள் வெற்றிலை பாக்குத் தட்டோடு பூங்காவனத்தையும் டீச்சரையும் கூட்டிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போய் முறையாக அழைத்தாள். தினகருக்கு வாயெல்லாம் பல். பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லி, ஊரும் கம்பெனியும் ஒரே குடும்பம் என்று பேனர் அடித்து, கம்பெனி வாசலிலேயே பந்தல் போட்டான். மேனேஜரே வருகிறார் என்றான்.

சமைத்தார்கள். இந்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், சூது எதுவும் இல்லை, அவர்கள் மனசாரத்தான் சமைத்தார்கள். விருந்து என்றால் விருந்து, பகையாளிக்கு வைத்தாலும் உப்புக் குறையக் கூடாது என்று நினைக்கிற பெண்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அரிசி வந்தது, தங்கள் போர்வெல்லில் தண்ணீர் இறைத்து, தங்கள் வீட்டு முருங்கைக்காய் போட்டு சாம்பார், வாழைக்காய் வறுவல், சேமியா பாயசம். சோறு வெந்து இறங்கியபோது எப்போதும் போல வெளிர்மஞ்சளாக இருந்தது. சாம்பார் மஞ்சளுக்குப் பதில் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. அந்தத் தண்ணீரில் ஏழு வருஷமாகப் பொங்கித் தின்றவர்களுக்கு அது கண்ணில் படவேயில்லை, சோற்றுக்கு நிறமே அதுதான் என்று அவர்கள் கண் பழகிப்போயிருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு மேனேஜர் வந்தார். அவரோடு தினகரும் இன்னும் பத்து அதிகாரிகளும், ஆக மொத்தம் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் மேசைமேல் போட்ட இலை முன்னால் உட்கார்ந்தார்கள். எதிர்வரிசையில் ஊருக்கு இலை போட்டிருந்தது, ஆனால் விருந்தாளி வாய் வைக்காமல் ஊர் உட்காராது. படம் எடுத்தார்கள். அஞ்சலாட்சி முதல் இலையில் சோற்றை வைத்துச் சாம்பாரை ஊற்றினாள். மேனேஜர் இலையைப் பார்த்தார். பக்கத்து இலையைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு கையும் நீளவில்லை.

“சாப்புடுங்க சார், ஆறிடப் போவுது.”

“இன்னைக்கு நான் விரதம்மா,” என்றார் மேனேஜர். “நீங்க கூப்பிட்டதே சந்தோஷம்.” தினகர் காலையிலிருந்து வயிறு சரியில்லை என்றான். மூன்றாவது ஆளுக்கு டாக்டர் வெளிச்சாப்பாடு கூடாதென்று சொல்லியிருந்தார். நாலாவது ஆள் எதுவும் சொல்லாமல் பையிலிருந்து கம்பெனித் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு மூடியைத் திருகினான்.

அஞ்சலாட்சி அந்த மூடியைப் பார்த்தாள். பிறகு ஊர்த் தண்ணீர் இருந்த டம்ளரை எடுத்து மேனேஜர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். “வெரதத்துக்குத் தண்ணி குடிக்கலாமே சார். ஒரு வாய் குடிங்க. எங்களுக்கு அது போதும்.”

அவர் டம்ளரைக் கையில் எடுத்தார், உள்ளே பார்த்தார். அவருக்கு மூக்கு ஒருமுறை சுருங்கியது. கீழே வைத்துவிட்டார்.

“ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குது,” என்றாள் அஞ்சலாட்சி, குரலை உயர்த்தாமல். “தண்ணியில என்னா இருக்குதுன்னு ஒங்க பன்னண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குது. எங்களுக்குத்தான் தெரியல.” அவள் போய் மேனேஜருக்கு நேரெதிர் இலையில் உட்கார்ந்தாள். சுபிக்ஷாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்தாள். பூங்காவனம் அடுத்த இலையில் உட்கார்ந்தாள், டீச்சர் உட்கார்ந்தார், நூற்று நாற்பது வீட்டுப் பெண்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்து அந்த மஞ்சள் சோற்றை, அந்தச் செங்கல் நிறச் சாம்பாரை, மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவசரமில்லாமல் மென்று விழுங்கினார்கள். இன்றைக்குத்தான் அதன் நிறம் அவர்களுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் விழுங்கினார்கள். நடுவில் சுபிக்ஷாவுக்கு விக்கலெடுத்தது, தண்ணீர் கேட்டாள். அஞ்சலாட்சி மேனேஜர் கீழே வைத்த அதே டம்ளரை எட்டி எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள், பிள்ளை முழுசும் குடித்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தன் எழுந்து, வேண்டாம் என்று தடுத்திருக்கலாம். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியானதும், பந்தலைப் பெருக்கவென்று கொண்டுவந்திருந்த துடைப்பங்களைப் பெண்கள் எடுத்தார்கள். எவளும் வாயைத் திறக்கவில்லை. நம் சோற்றைத் தொடாதவனிடம் என்ன கை நனைத்த கணக்கு என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கின சோறே திட்டாகிவிட்டிருந்தது; துடைப்பத்தைத் தலைக்குமேல் தூக்கினார்கள், அவ்வளவுதான். இரண்டு கூண்டிலிருந்தும் மேலே போய்க்கொண்டிருந்த புகை நடுவானில் நின்று, திரும்பி, காயப்போட்ட சேலை கொடியிலிருந்து அவிழ்ந்து விழுகிற மாதிரி அவர்கள் பக்கம் இறங்கியது. மஞ்சளும் சாம்பலும் பழுப்புமாக ஈர்க்கில் வந்து அப்பியது. உதிர்க்கக் கல் இல்லை. அஞ்சலாட்சி நேராக மேனேஜர் இலைக்குப் போய், ஆறிக்கிடந்த சோற்றின் மேல் துடைப்பத்தைத் தட்டினாள்.

“எங்க சமையல்தான் ஒங்களுக்கு ஆவல. இது ஒங்க வூட்டுச் சமையல், சாப்புடுங்க.”

அடுத்தவள் தினகர் இலையில் தட்டினாள். வரிசையாக வந்து வந்து தட்டினார்கள், தூக்கினார்கள், புகை இறங்கியது, மறுபடி வந்து தட்டினார்கள். இலை மறைந்தது, மேசை மறைந்தது, பன்னிரண்டு பேர் மடியிலும் வழிந்தது. எழுந்து போகலாமென்றால் நாலு பக்கமும் நூற்று நாற்பது துடைப்பம். கம்பெனி ஆட்கள் மூக்கைப் பொத்தி ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. மேனேஜருக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை, கண்ணில் நீர் வழிய அவர் சட்டைப்பையில் தடவித் தடவிப் போனை எடுத்தார்.

“நிறுத்திடு,” என்றார் போனில். எதிர்முனையில் என்னவோ கேட்டிருக்க வேண்டும். “ரெண்டையும்தான். இப்பவே.”

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. முதல் கூண்டிலிருந்து கடைசியாகக் கொஞ்சம் புகை வந்து தேய்ந்தது. இரண்டாவது கூண்டும் ஓய்ந்தது. துடைப்பங்களில் ஒட்ட ஒன்றும் இல்லாமல் பெண்கள் அப்படியே நின்றார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற சுபிக்ஷாவின் நெஞ்சில் விசில் மெலிந்து மெலிந்து நின்றுபோனது. அஞ்சலாட்சி அந்தச் சத்தமில்லாமையைக் காதுகொடுத்துக் கேட்டாள்.

நிறுத்தவே முடியாது என்றுதான் ஏழு வருஷமாக அவளிடம் சொல்லியிருந்தார்கள். நிறுத்தினால் பாய்லர் வெடிக்கும் என்றார்கள், டெல்லியில் கையெழுத்தாக வேண்டும் என்றார்கள், கோர்ட்டில் இருக்கிறது, துறையில் இருக்கிறது, உங்களுக்கு அதெல்லாம் புரியாதும்மா என்றார்கள். டீச்சருக்கு இரண்டு குழந்தை போனது, தன் பிள்ளை ஏழு வருஷம் உட்கார்ந்துகொண்டே தூங்கியது, ஊரே வாய் நோகத் திட்டித் திட்டி அள்ளி மூட்டை கட்டியது. அதை நிறுத்துகிற வழி இத்தனை நாளும் இந்த ஆளின் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

“இவ்ளோதானா?” என்று கேட்டாள்.

மேனேஜர் இருமிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார், கேள்வி அவருக்குப் புரியவில்லை.

“ஏழு வருசமா, இவ்ளோதானாடா?”

கோபம் என்றால் என்னவென்று அஞ்சலாட்சிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் துடைப்பத்தை இன்னும் கீழே போடவில்லை.